பொருள்: கலைப்பள்ளி ஆசிரியர் விளம்பரம் – "பட்டம் கட்டாயம்" என்ற வரி பற்றி

ஊர்ச் சொந்தங்கள் எல்லோருக்கும் வணக்கம்.

சிங்கப்பூர்த் தம்பி அனுப்பிய விளம்பர வரைவைப் படித்தேன். பழைய நெல் கிட்டங்கியைப் பழுதுபார்த்துத் தை மாதம் வகுப்பைத் தொடங்குவது, வாய்ப்பாட்டு, பரதம், நாயனம் (நாதசுரம்), தவில் என்று நான்கு பாடம், சனி ஞாயிறில் இலவசம் என்பதெல்லாம் நல்ல யோசனை. ஒரே ஒரு வரிதான் இடிக்கிறது: "ஆசிரியர் இசை அல்லது நடனத்தில் பட்டம் பெற்றிருக்க வேண்டும்." அந்த வரியை எடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

அந்த வரி இருந்தால் முதலில் வெளியே நிற்கப்போவது நம் ஊர் நாயனக்காரர்தான். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவர். ஆச்சா மரத்தில் கடைந்த நாயனத்தை நரசிங்கம்பேட்டையில் தட்டிப் பார்த்து வாங்கத் தெரிந்தவர், அதில் வாய் வைத்து ஊதும் சீவாளியை நாக்கில் வைத்தவுடன் இது தேறும், இது தேறாது என்று சொல்லக்கூடியவர். ஐப்பசி அடைமழையில் சாமி புறப்பாடு நின்றுபோன அன்றும் மண்டபத்தில் உட்கார்ந்து, புறப்பாட்டுக்கு வாசிக்கிற மல்லாரியை வாசித்தவர். அவரை விட்டுவிட்டு, மூன்று வருஷம் கல்லூரியில் படித்து ஒரு திருவிழாவுக்குக்கூட நின்று வாசிக்காத ஒருவரை நாயனம் சொல்லிக்கொடுக்க வைத்தால், கீழவீதிக்காரர்கள் சிரிக்க மாட்டார்களா?

சரி, ஊர்ப் பாசத்தில் பேசுகிறேன் என்று நினைப்பீர்கள். பெரிய பள்ளிகள் எப்படி ஆள் பிடித்தன என்று பார்ப்போம். சென்னையில் இருக்கிற கலைப்பள்ளி கலாக்ஷேத்ராவையே எடுத்துக்கொள்ளுங்கள். 1936 ஜனவரியில் அடையாறில் நடனக் கலைஞர் ருக்மிணி தேவி தொடங்கியது. இன்று பாராளுமன்றச் சட்டத்தின் கீழ் தேசிய முக்கியத்துவம் வாய்ந்த நிறுவனம், 1993 முதல். அதன் முதல் இருபது வருஷ ஆசிரியர் வரிசையைப் பார்த்தால் நம் விளம்பரத்துக்கு அதில் எத்தனை பேர் தேறுவார்கள் என்பது சந்தேகம்தான்.

ருக்மிணி தேவிக்கு அபிநயம் சொல்லிக்கொடுத்தவர் மயிலாப்பூர் கௌரி அம்மாள். கபாலீஸ்வரர் கோயிலில் ஆடிய தேவதாசிகளில் கடைசித் தலைமுறை. பாலசரஸ்வதிக்கும் அவர்தான் அபிநய ஆசிரியை. பரதத்தில் எதிரெதிர்த் துருவம் என்று இன்றும் பேசப்படுகிற இரண்டு பெயர்களுக்கும் முகத்தில் பாவம் எழுத ஒரே அம்மாள் கற்றுக்கொடுத்திருக்கிறார். 1947ல் தேவதாசி முறையை ஒழித்த சட்டம் வந்தது. அது வரவேண்டிய சட்டம், அதில் எனக்கு மாற்றுக் கருத்து இல்லை. ஆனால் அந்தப் பெண்கள் கையில் வைத்திருந்த வித்தைக்கு எந்தச் சான்றிதழும் யாரும் தரவில்லை. அவர்களிடம் கற்ற மற்ற வீட்டுப் பெண்களுக்குப் பின்னால் மாலையும் பட்டயமும் கிடைத்தன.

அவருக்கு அடவு, அதாவது ஆட்டத்தின் அடிப்படை அசைவுகள், சொல்லிக்கொடுத்தவர் பந்தநல்லூர் மீனாட்சிசுந்தரம் பிள்ளை. பரதக் கச்சேரிக்கு வடிவம் கொடுத்த நான்கு சகோதரர்களான தஞ்சை நால்வர் வழி வந்தவர். பந்தநல்லூர் எங்கே இருக்கிறது என்று நமக்குச் சொல்ல வேண்டியதில்லை, திருப்பனந்தாள் பஸ்ஸில் போய் இறங்கியவர்கள்தானே நாம். அவருடைய மருமகன் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்ராவிலேயே தங்கி நட்டுவாங்கம் (தாளம் தட்டி ஆட்டத்தை நடத்துவது) செய்தார், பிள்ளைகளுக்குப் பாடம் எடுத்தார். தட்டுக்கழியும் கையுமாக வாழ்ந்த குடும்பம். அவர்களிடம் போய்ப் பட்டம் கேட்டிருந்தால் கழி எங்கே விழுந்திருக்கும் என்று தெரியாது.

சங்கீதப் பக்கம் இன்னும் சுவாரசியம். டைகர் வரதாச்சாரியார் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்திலும் சென்னைப் பல்கலைக்கழகத்திலும் இசைப் படிப்பை நடத்திவிட்டுக் கலாக்ஷேத்ராவுக்கு வந்தவர். மைசூர் வாசுதேவாச்சாரியார் அரண்மனை வித்வான், எண்பது வயதைத் தாண்டிய பிறகு வந்து சேர்ந்து ராமாயண நாட்டிய நாடகங்களுக்கு இசை அமைத்தவர். அந்தத் தொடரை அவர் முடிக்காமல் விட்டதை அவருடைய பேரன் ராஜாராம் முடித்தார். இந்த இரண்டு பேருக்கும் குரு ஒருவரே, பட்டணம் சுப்பிரமணிய ஐயர். திருவையாற்றுக்காரர். அடையாறில் ஒரு கீற்றுக்கொட்டகையில் நடந்த பாடத்துக்குக் காவிரித் தண்ணீர்தான் மூலம் என்று நான் சொன்னால் மைசூர்க்காரர்கள் சண்டைக்கு வருவார்கள், இருந்தாலும் சொல்லிவைக்கிறேன். வீணைக்குக் காரைக்குடி சாம்பசிவ ஐயர். பரம்பரை பரம்பரையாக வீணையைத் தவிர வேறு தொழில் தெரியாத குடும்பம். வீணை மாதிரி இருக்கிற கோட்டுவாத்தியத்துக்குப் பூதலூர் கிருஷ்ணமூர்த்தி சாஸ்திரி.

பட்டதாரி ஒருவரே இல்லையா என்று கேட்பீர்கள். இருந்தார். பாடகர் எம்.டி. ராமநாதன். பாலக்காட்டு விக்டோரியா கல்லூரியில் பி.எஸ்ஸி முடித்தவர். பாடம் இயற்பியல்! டைகரிடம் கற்க வேண்டும் என்று சென்னைக்கு வந்து, கலாக்ஷேத்ரா தொடங்கிய சங்கீத சிரோமணி வகுப்பில் முதல் அணியில் சேர்ந்து, குருவின் நிழல்போல் இருந்து, பிறகு அங்கேயே ஆசிரியரானார். அந்த மந்திர ஸ்தாயிக் (தாழ்ந்த சுரத்தில் நிற்கிற) குரலும் அவசரமே இல்லாத பாட்டும் எந்த டிகிரியில் வந்தன? நம் விளம்பரப்படி அவரிடம் இருந்த பி.எஸ்ஸியும் செல்லாது, "இசையில்" பட்டம் இல்லையே.

இது வரைக்கும் நான் பரம்பரைக் கட்சி மாதிரித் தெரியும். இல்லை. 1943ல் சொக்கலிங்கம் பிள்ளை கலாக்ஷேத்ராவை விட்டுப் போய்விட்டார். நட்டுவனார் போனால் பள்ளி படுத்துவிடும் என்றுதான் அந்தக் காலத்தில் எல்லோரும் நினைத்திருப்பார்கள். படுக்கவில்லை. அதற்குள் உள்ளேயே வளர்ந்திருந்த மாணவிகள் வகுப்பைக் கையில் எடுத்தார்கள். சாரதா ஹாஃப்மன் அப்படி வந்தவர், பல பத்தாண்டுகள் பாடம் எடுத்தார். பரம்பரை வீட்டில் பிறக்காதவர்கள், முறையாகக் கற்றவர்கள். அதனால்தான் நான் பிறப்பையும் கேட்க வேண்டாம், பட்டத்தையும் கேட்க வேண்டாம் என்கிறேன். யாரிடம், எத்தனை வருஷம், எப்படி இருந்து கற்றார், அப்புறம் எங்கே எல்லாம் வாசித்தார் அல்லது ஆடினார் என்று கேட்போம்.

கதகளிப் பக்கத்தையும் சொல்ல வேண்டும், ஏனென்றால் அதில் நம்மைப்போல வெளியூர் போனவர்கள் கதையும் இருக்கிறது. வட மலபாரிலிருந்து அம்பு பணிக்கர், சந்து பணிக்கர் என்ற இரண்டு ஆசான்கள் கலாக்ஷேத்ராவுக்கு வந்தார்கள். 1953ல் சந்து பணிக்கர் பையன்னூர்ப் பக்கமிருந்து இரண்டு சிறுவர்களைக் கூட்டி வந்தார். ஒருவர் தனஞ்சயன், இன்னொருவர் பாலகோபாலன், இரண்டு பேரும் பின்னாளில் பெயர் பெற்ற நடனக் கலைஞர்கள். தனஞ்சயனின் அப்பா பள்ளி ஆசிரியர், வீட்டில் பிள்ளைகள் நிறைய, வருமானம் குறைவு. கலை ஆர்வம் ஒரு பக்கம் இருக்கட்டும், ஒரு பிள்ளைக்குச் சாப்பாடும் படிப்பும் கிடைக்கும் என்பதும் அதில் உண்டு. அம்பு பணிக்கரின் மகன் குஞ்ஞிராமன் பின்னாளில் கலிபோர்னியாவுக்குப் போய்ப் பள்ளி தொடங்கினார். நியூஜெர்சியிலும் பே ஏரியாவிலும் இருக்கிற நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இன்று அடவு சொல்லிக்கொடுக்கிற டீச்சர்களின் குருவுக்குக் குரு யார் என்று தேடிப் போனால் இப்படி ஒரு மலபார்க் கிராமத்திலோ பந்தநல்லூரிலோ போய் நிற்கும்.

சிங்கப்பூர்த் தம்பிக்கு அவர் ஊர் உதாரணமே இருக்கிறது. கே.பி. பாஸ்கர் 1952ல் அங்கே போய் நடனப் பள்ளி தொடங்கினார். அவர் மனைவி சாந்தா பாஸ்கர் 1950களிலேயே சீனக் காதல் கதை ஒன்றைப் பரதத்தில் ஆட வைத்தார். இரண்டு பேருக்கும் பின்னாளில் சிங்கப்பூர் அரசு கலாசாரப் பதக்கம் தந்தது. முதல் நாள் அவர்களிடம் பட்டம் கேட்டுத் திருப்பி அனுப்பியிருந்தால் பதக்கம் யாருக்குக் கொடுத்திருப்பார்கள்?

அண்ணாமலைப் பல்கலைக்கழகம் பட்டம் கொடுக்கிற இடம். அங்கேயே இசைத்துறையில் பொன்னையா பிள்ளை இருந்தார், தஞ்சை நால்வர் வழி. பிறகு தண்டபாணி தேசிகர் இருந்தார். திருச்செங்காட்டங்குடியில் ஓதுவார் குடும்பத்தில் பிறந்து, தேவாரம் பாடி வளர்ந்து, கும்பகோணம் ராஜமாணிக்கம் பிள்ளையிடம் கற்று, நடுவில் சினிமாவில் நந்தனாராகவும் நடித்தவர். பட்டம் கொடுப்பவர்களே பட்டம் இல்லாதவர்களை வைத்துத்தான் தொடங்கினார்கள்.

அரசாங்கத்துக்கே இது தெரியும். மாவட்ட அரசு இசைப்பள்ளிச் சேர்க்கை அறிவிப்பைப் பாருங்கள். பரதம், குரலிசை, வயலின், மிருதங்கம் சேர ஏழாம் வகுப்பு வேண்டும். நாதசுரம், தவில், தேவாரம் சேரத் தமிழில் எழுதப் படிக்கத் தெரிந்தால் போதும். அந்த மூன்று வித்தையும் எந்த மாதிரி வீடுகளில் உயிரோடு இருக்கிறது என்று யோசித்து வைத்த விதி அது.

மஸ்கட் அண்ணன் போனில் ஒரு கேள்வி கேட்டார், நியாயமான கேள்வி. "வித்தை தெரிந்தவருக்கு இருபது பிள்ளைகளை உட்கார வைத்து வகுப்பு எடுக்கத் தெரியுமா?" பல பேருக்குத் தெரியாதுதான். ஒரே சீடனை எதிரில் உட்கார வைத்து, "நான் வாசிக்கிறேன், நீ கேள்" என்று பழகியவர்களுக்கு வருகைப் பதிவேடு ஒரு தொல்லை. இதற்குக் காஞ்சிபுரம் பக்கம் புஞ்சரசந்தாங்கலில் பெ. ராஜகோபால் 2002ல் தொடங்கிய கட்டைக்கூத்துக் குருகுலம் ஒரு வழி காட்டியது. கூத்துக் குடும்பத்தில் பிறந்து பத்து வயதில் பள்ளியை விட்டு மேடை ஏறியவர் அவர். விடிய விடிய ஆட்டம் ஆடினால் மறுநாள் பள்ளிக்கூடத்தில் தூங்கத்தானே முடியும்? தனக்கு நடந்தது பிள்ளைகளுக்கு நடக்கக் கூடாது என்று பள்ளிப் படிப்பையும் கூத்தையும் ஒரே வளாகத்தில் வைத்தார். கணக்குக்கும் ஆங்கிலத்துக்கும் பள்ளி ஆசிரியர்கள், கூத்துக்குக் கூத்துக்காரர்கள். இன்னொன்று, ஆண்களே பெண் வேஷம் கட்டிய கூத்தில் பெண்பிள்ளைகளையும் சேர்த்தார். 2020ல் குருகுலத்தை மூடிவிட்டார்கள், ஆனால் அங்கே படித்த பிள்ளைகள் ஆடிக்கொண்டிருக்கிறார்கள். நாமும் அப்படிச் செய்யலாம். நாயனக்காரருக்குப் பக்கத்தில், பதிவேடு பார்க்கவும் பெற்றோரிடம் பேசவும் நம் பெண்கள் உயர்நிலைப் பள்ளியில் ஓய்வுபெற்ற டீச்சர் ஒருவரைப் போடுவோம்.

இரண்டு எச்சரிக்கை. "குரு யார்" என்று கேட்கப்போய் "நீங்கள் எந்தக் குடும்பம், எந்தத் தெரு" என்று கேட்கிற இடத்தில் போய் முடியக் கூடாது. நம் ஊரில் அது எவ்வளவு சுலபமாக நடக்கும் என்று எல்லோருக்கும் தெரியும். நேர்காணலில் அந்தக் கேள்வியைக் கேட்பவர் அன்றே குழுவை விட்டு விலக வேண்டும் என்று தீர்மானத்திலேயே எழுதிவிடலாம். இன்னொன்று பிள்ளைகள் பாதுகாப்பு. எவ்வளவு பெரிய வித்வானாக இருந்தாலும் போலீஸ் நன்னடத்தைச் சான்று இல்லாமல் உள்ளே விடக் கூடாது, பூட்டிய அறையில் தனிப் பாடம் கூடாது. குரு பக்தி என்ற பெயரில் பிள்ளைகள் வாய் மூடிக் கிடந்த கதைகள் கொஞ்சமா வெளிவந்திருக்கின்றன?

கையேட்டில் போடும் ஆசிரியர் அறிமுகம் பற்றியும் ஒரு வார்த்தை. "பன்னிரண்டு நாடுகளில் நிகழ்ச்சி நடத்தியவர், கலைமாமணி" என்று எழுதினால் பெற்றோருக்கு ஒன்றும் புரியாது. யாரிடம் கற்றார், எந்தக் கோயில் சேவகம், யாருக்குப் பக்கவாத்தியம் வாசித்தார், அவரிடம் கற்றவர்கள் இப்போது எங்கே இருக்கிறார்கள் என்று நாலு வரி எழுதினால் போதும். தவில்காரர் விரலில் மாட்டும் கூடு பற்றிக்கூட ஒரு வரி போடலாம், பிள்ளைகளுக்குப் பிடிக்கும்.

கடைசியாகச் சம்பளம். வரைவில் "மதிப்பூதியம்" என்று போட்டிருக்கிறது. மதிப்பை வைத்து யாரும் அரிசி வாங்க முடியாது. முகூர்த்த மாதங்களில் நாயனக்காரருக்கும் தவில்காரருக்கும் வெளியூர்க் கச்சேரி வரும், சனி ஞாயிறில்தான் வரும். அதை விட்டுவிட்டு நம் பிள்ளைகளுக்காக உட்கார வேண்டுமென்றால் அந்த வருமானத்துக்கு ஈடு கொடுக்க வேண்டும். இல்லையா, வகுப்பை முகூர்த்தம் இல்லாத நாட்களுக்கு மாற்ற வேண்டும். ஆடி, மார்கழியில் அவர்களுக்குக் கல்யாணக் கச்சேரி கிடையாது, அந்த மாதங்களில் தினசரி வகுப்பே வைக்கலாம். மலையாளக் கவிஞர் வள்ளத்தோள் 1930ல் கேரள கலாமண்டலம் என்ற கலைப்பள்ளியைத் தொடங்கப் பணம் இல்லாமல் லாட்டரிச் சீட்டு விற்றார். நாம் அந்த அளவுக்குப் போக வேண்டியதில்லை, ஆண்டுச் சந்தாவைக் கொஞ்சம் ஏற்றினாலே போதும்.

விளம்பரத்தில் அந்த வரிக்குப் பதிலாக நான் முன்மொழிவது இது: "விண்ணப்பிப்பவர் ஒரு குருவிடமோ இசைப்பள்ளியிலோ தொடர்ந்து கற்றவராகவும், கோயில் அல்லது மேடை அனுபவம் உள்ளவராகவும் இருக்க வேண்டும். பட்டம் இருந்தால் குறிப்பிடலாம். நேர்காணல் அன்று இரண்டு பிள்ளைகளுக்கு அரை மணி நேரம் பாடம் எடுத்துக் காட்ட வேண்டும்." ஆட்சேபம் உள்ளவர்கள் இந்த மடலுக்கே பதில் போடுங்கள். தனித்தனியாக வாட்ஸ்அப்பில் அனுப்பாதீர்கள், போன தடவை கோபுர வேலைக் கணக்கில் பட்ட பாடு போதும். பொருளாளர் அண்ணன், சந்தாவை எவ்வளவு ஏற்றலாம் என்று ஒரு கணக்குப் போட்டு அனுப்புங்கள்.