கலர் ரன் ஓடிய பிள்ளைகளுக்கு ஹோலி கதை

நாங்கள் இருப்பது அமெரிக்காவில், யூட்டா மாநிலத்தில். இங்கே பள்ளிக்கு நிதி திரட்ட கலர் ரன் வைக்கிறார்கள். பிள்ளைகள் வெள்ளை டீ-ஷர்ட் போட்டுக்கொண்டு மைதானத்தைச் சுற்றி ஓட, பெற்றோர் திருப்பங்களில் நின்று கலர் பொடியை வீசுவோம். பொடி பெரும்பாலும் சாயம் சேர்த்த கார்ன்ஃப்ளார்தான். மகளின் பள்ளியிலிருந்து வந்த அறிவிப்பில் ஹோலி என்ற பெயரே இல்லாதது எனக்கு உறுத்தியது. 2012இல் அரிசோனாவில் தொடங்கி இந்த ஓட்டத்தை நாடெங்கும் பரப்பிய 'தி கலர் ரன்' நிறுவனமே, தங்களுக்குத் தூண்டுதலாக இருந்தவற்றில் ஹோலியும் ஒன்று என்று சொல்லியிருக்கிறது. அதைவிட, இதே யூட்டாவில் ஸ்பானிஷ் ஃபோர்க் ராதா கிருஷ்ணர் கோயிலில் வசந்தம்தோறும் ஆயிரக்கணக்கானவர்கள் கலர் வீசிக் கொண்டாடுகிறார்கள், வருகிறவர்களில் பாதிக்கு மேல் மார்மன் என்ற கிறிஸ்தவப் பிரிவு மாணவர்களாகத்தான் இருக்கும்!

ஆசிரியையிடம் கேட்டேன், சந்தோஷமாக வகுப்பில் பேச நேரம் கொடுத்தார். தீ சுடாத வரம் பெற்ற ஹோலிகா பிரகலாதனை மடியில் வைத்துக்கொண்டு நெருப்பில் உட்கார்ந்ததையும், அவள் எரிந்து பிள்ளை பிழைத்ததையும் சொன்னேன். முதல் நாள் இரவு அதற்காகத்தான் தீ மூட்டுகிறார்கள், மறுநாள்தான் கலர். ராதை முகத்தில் கிருஷ்ணன் சாயம் பூசிய கதைக்கு ஒரே சிரிப்பு. அப்புறம் அந்தக் காலத்தில் புரசம் பூவை ஊறவைத்து ஆரஞ்சுச் சாயம் எடுத்தார்கள் என்றதும், அந்தப் பூ இங்கே கிடைக்குமா என்று ஆளாளுக்குக் கேட்டார்கள். உங்கள் பிள்ளைகள் பள்ளியிலும் கேட்டுப் பாருங்கள், மறுக்க மாட்டார்கள் என்றுதான் நினைக்கிறேன்.

---

நல்ல காரியம் செய்தீர்கள் அக்கா. வேலைக்காக மதுராவில் இருந்தபோது பக்கத்து ஊரான பர்சானாவுக்கு ஹோலி பார்க்கப் போயிருக்கிறேன். ராதையின் ஊர்ப் பெண்கள் தடியால் அடிக்க, கிருஷ்ணனின் நந்த்காவ் ஆண்கள் கேடயத்தைத் தலைக்கு மேல் பிடித்துக் குந்திக்கொள்கிறார்கள், கூட்டத்தில் நமக்கும் ஓர் அடி விழும் போலிருக்கும். அப்போது எங்கள் தஞ்சாவூர்ப் பக்கத்துக் காமன் பண்டிகைதான் நினைவுக்கு வந்தது. அதுவும் ஹோலி வரும் பௌர்ணமியை ஒட்டித்தான், அங்கேயும் தீதான், மன்மதன் எரிந்தானா இல்லையா என்று எரிந்த கட்சி, எரியாத கட்சி பிரிந்து விடிய விடிய லாவணி என்ற போட்டிப் பாட்டு பாடுவார்கள். அடுத்த முறை அதையும் சொல்லுங்கள்.

பொடி விஷயத்தில் மட்டும் கவனம். 2015 ஜூனில் தைவானில் ஒரு நீர்ப் பூங்காவில், மேடையிலிருந்து கூட்டத்தின் மேல் அடித்த கலர் பொடி தீப்பிடித்து 15 பேர் இறந்தார்கள். அதுவும் கார்ன்ஃப்ளார்தான். திறந்த மைதானம் என்றாலும் பக்கத்தில் சிகரெட்டோ பார்பெக்யூ அடுப்போ வேண்டாம், ஆஸ்துமா உள்ள பிள்ளைகளுக்குப் பொடி இல்லாத தனிப் பாதை போடச் சொல்லுங்கள்.