புதுப்பிப்பு: அது நீல வரியன் இல்லை

போன வாரம் ஏற்காட்டில் எடுத்த ஒரு வண்ணத்துப்பூச்சியின் படத்தைப் போட்டு, கறுப்புச் சிறகில் வெளிர்நீலக் கோடுகள் இருக்கிறதே, நீல வரியன்தான் என்று எழுதியிருந்தேன். தவறு. திருத்திவிடுகிறேன்.

நண்பர் ஒருவர் அதன் கால்களை எண்ணிப் பார்க்கச் சொன்னார். படத்தைப் பெரிதாக்கினால் பூவைப் பற்றியிருப்பது முழுதாக ஆறு கால்கள்! நீல வரியன் நிம்ஃபாலிடே குடும்பம். அதில் முன்னங்கால் இரண்டும் தூரிகை மாதிரி சுருங்கி நெஞ்சோடு ஒட்டியிருக்கும், நிற்பது நான்கு காலில்தான். நம் மாநில வண்ணத்துப்பூச்சியான தமிழ் மறவனும் அப்படியே. ஆறு காலிலும் நிற்கும் இது பாப்பிலியோனிடே குடும்பத்துக் காமன் மைம். பறவைகள் நச்சுள்ள வரியன் என்று நினைத்து விட்டுவிடட்டும் என்றே அந்த வேடம். பின்சிறகு ஓரத்தில் வரிசையாக மஞ்சள் பொட்டுகள் வேறு இருந்தன, வரியனுக்கு அது கிடையாது, எப்படிக் கவனிக்காமல் விட்டேனோ.

அப்புறம், உணர்கொம்பு நுனி கொக்கி போல வளைந்த அந்தக் குட்டிப் பழுப்புப் பூச்சி எது என்று கேட்டிருந்தீர்கள். அது துள்ளிகள் குடும்பம், ஹெஸ்பெரிடே.