'ரெட்' ஆல்பத்தோடு ப்ரோக் ராக் முடிந்துவிட்டதா?

லவ்டேல்காரன்

கிங் கிரிம்சன் குழுவின் 'ரெட்' 1974-ல் வந்தது. நேற்று இரவு மழையில் அதை மறுபடி முழுதாகக் கேட்டேன். பல வருடமாக மனதில் கிடக்கும் ஒன்றை இன்று சொல்லிவிடுகிறேன். ப்ரோக் ராக், அதாவது நீளமாகவும் சிக்கலாகவும் பாட்டைக் கட்டுகிற 'ப்ரோக்ரெசிவ்' ராக், அந்த ஆல்பத்தோடு முடிந்துவிட்டது. பின்னால் வந்தவர்கள், ரேடியோஹெட் குழு உட்பட, நல்ல பாட்டுகள் போட்டார்கள். ஆல்பம் போடவில்லை.

1988-ல் பக்கத்து வீட்டு அண்ணன் ஒருவர் 90 நிமிடக் கேசட் ஒன்றைப் பதிந்து கொடுத்தார். ஒரு பக்கம் 'ரெட்', 40 நிமிடம். மறுபக்கம் யெஸ் குழுவின் 'குளோஸ் டு தி எட்ஜ்', 1972. அதில் மொத்தமே மூன்று பாட்டுதான், முதல் பாட்டே 18 நிமிடம். கேசட்டில் பாட்டைத் தாண்டிப் போவது பெரும்பாடு. உட்கார்ந்து கேட்டே ஆகவேண்டும்.

'ரெட்'டின் கடைசிப் பாட்டு 'ஸ்டார்லெஸ்', 12 நிமிடம். மெல்லட்ரான் என்ற கீபோர்டில் ஒரு சோக மெட்டு வரும், ஜான் வெட்டன் பாடுவார். பாட்டு அடங்கியதும் பேஸ் கிட்டார் ஒரு கனமான சுற்றைப் பிடிக்கும். அதன்மேல் ராபர்ட் ஃப்ரிப் கிட்டாரில் ஒரே ஸ்வரத்தைத் தட்டிக்கொண்டே இருப்பார், நிமிடக் கணக்கில். ஸ்வரம் கொஞ்சம் கொஞ்சமாக மேலே ஏறும், பில் புரூஃபர்டின் டிரம்ஸ் நெருங்கி நெருங்கி வரும், அப்புறம் மடை உடைந்த மாதிரி எல்லாம் ஓடும். அந்த ஓட்டத்தின் முடிவில் முதலில் கேட்ட மெட்டு திரும்பி வரும்போது எனக்கு இன்றும் கண் நிறைகிறது. ஆல்பம் கடைக்கு வருவதற்குள் குழுவே கலைந்துவிட்டது.

இதற்கு இணையாக 1990களுக்கு அப்புறம் வந்த ஒன்றைச் சொல்லுங்கள்.

குன்னூர் கொழுந்து

அண்ணா, 'ஸ்டார்லெஸ்' பற்றி நீங்கள் எழுதியதில் ஒரு சொல்லையும் மறுக்கமாட்டேன். ஆனால் 1997-ல் வந்த ரேடியோஹெட்டின் 'ஓகே கம்ப்யூட்டர்' ஆல்பமே இல்லை என்றால் எப்படி ஏற்பது? அதில் 12 பாட்டு, 53 நிமிடம். 'பாரனாய்டு ஆண்ட்ராய்டு' ஆறரை நிமிடத்துக்குள் தனித்தனித் துண்டுகளை ஒட்டிச் செய்த பாட்டு. ஒட்டிய இடம் நன்றாகவே தெரியும். எனக்கு அந்தத் தையல்தான் பிடிக்கும்.

நான் தேயிலை ஃபேக்டரியில் கணக்குப் பார்க்கிறேன். சீசனில் கொழுந்து வந்து குவியும் நாட்களில் வீடு திரும்ப இரவு 11 ஆகிவிடும். ஒரே ஸ்வரம் மெல்ல ஏறுவதைக் கேட்க அப்போது உடம்பில் தெம்பு இருக்காது. அதே ஆல்பத்தின் 'லெட் டவுன்' அந்த நேரத்துப் பாட்டு. அவர்கள் அதைப் பதிந்ததும் விடியற்காலை 3 மணிக்கு, இங்கிலாந்தின் பாத் நகரத்துக்குப் பக்கத்தில் ஒரு பழைய மாளிகையின் நடனக் கூடத்தில். களைத்த மனிதர்கள் களைத்தவர்களுக்காக வாசித்த மாதிரியே எனக்குக் கேட்கிறது. நீளமாக இருந்தால்தான் ஆழம் என்று எங்கே எழுதி வைத்திருக்கிறது?

லவ்டேல்காரன்

தங்கச்சி, நீளத்தை நான் பெரிதாகச் சொல்லவில்லை. வரிசையைச் சொல்கிறேன். 'ஸ்டார்லெஸ்' முதல் பாட்டாக வந்தால் 'ரெட்' ஆல்பமே போச்சு. 'ஓகே கம்ப்யூட்டர்' பாட்டுகளை எப்படிக் கலைத்துப் போட்டாலும் ஒன்றும் குறையாது.

குன்னூர் கொழுந்து

குறையும். முதல் பாட்டு 'ஏர்பேக்', கார் விபத்தில் பிழைத்தவன் பாடுவது. கடைசிப் பாட்டு 'தி டூரிஸ்ட்', வேகத்தைக் குறைக்கச் சொல்லிக் கெஞ்சுவது. நடுவில் 'ஃபிட்டர் ஹேப்பியர்' பாட்டில் மனிதக் குரல்கூடக் கிடையாது, கணினி பேசும். 'தி டூரிஸ்ட்' பாட்டை முதலில் போட்டுப் பாருங்கள் அண்ணா. இன்னும் வண்டியே கிளம்பாதபோது மெதுவாகப் போ என்று யாரிடம் சொல்வது?

கோத்தகிரி மிருதங்கம்

இரண்டு பேரும் தாளக் கணக்கை விட்டுவிட்டீர்கள். 'ஸ்டார்லெஸ்' நடுப்பகுதி 13 எண்ணிக்கை. 4, 4, 5 என்று கைபோட்டுக் கேட்டேன். பன்னிரண்டில் முடிந்துவிடும் என்று காது நினைக்கும், ஒன்று மிச்சம் இருக்கும். ஒவ்வொரு சுற்றிலும் அந்த ஒன்று நம்மை முன்னால் தள்ளுகிறது. ஃப்ரிப் ஒரே ஸ்வரத்தில் நின்றும் நமக்கு அலுக்காததற்கு அதுவும் ஒரு காரணம் என்பேன்.

பிங்க் ஃப்ளாய்டின் 'மணி' பாட்டும் (1973) இப்படித்தான். பாட்டு ஏழில் போகும், நம் மிஸ்ரம். கிட்டார் தனியாக வாசிக்கும்போது நாலுக்கு மாறும். ஏழிலேயே காலம் தள்ளிவிட்டு நாலுக்கு வரும்போது, மேடு ஏறி முடித்துச் சமவெளியில் நடக்கிற சுகம்.

'லெட் டவுன்' பாட்டையும் கைபோட்டுப் பாருங்கள். அதில் ரேடியோஹெட்டின் ஜானி கிரீன்வுட் வாசிக்கும் கிட்டார் ஒரு கணக்கில் போகிறது, மற்ற வாத்தியங்கள் வேறு கணக்கில். கேட்பவருக்குக் கணக்கே தெரியாது. மிதக்கிற உணர்வு மட்டும் வரும். லவ்டேல் அண்ணா தேடுகிற வேலைப்பாடு இங்கேயும் இருக்கிறது, உள்ளே ஒளிந்திருக்கிறது.

கேத்தி லோடு வண்டி

கேத்தியிலிருந்து கேரட் ஏற்றிக்கொண்டு இரவில் மேட்டுப்பாளையம் மண்டிக்கு இறங்குகிறவன் நான். குன்னூர் தாண்டினால் பர்லியார் வழியாகக் கொண்டை ஊசி வளைவுகள். ஸ்டியரிங்கில் இரண்டு கையும் வேண்டும், நடுவில் பாட்டை மாற்ற முடியாது. லவ்டேல் அண்ணனின் கேசட் மாதிரிதான் என் கேபினும்.

நான் கேட்பது பார்க்யுபைன் ட்ரீ குழுவின் 'ஃபியர் ஆஃப் எ பிளாங்க் பிளானட்', 2007. திரைக்கு முன்னால் உட்கார்ந்து உணர்வு மரத்துப்போன பிள்ளைகளைப் பற்றிய ஆல்பம். எனக்கும் பத்தாவது படிக்கிற பையன் இருக்கிறான், அதனால் சும்மா கேட்டுவிட்டுப் போக முடியவில்லை. 'அனஸ்தடைஸ்' 17 நிமிடம். அதில் ரஷ் குழுவின் அலெக்ஸ் லைஃப்சன் கிட்டார் வாசிக்கிறார். அதே ஆல்பத்தில் 'வே அவுட் ஆஃப் ஹியர்' பாட்டில் வாசித்திருப்பது யார் தெரியுமா? ராபர்ட் ஃப்ரிப். 1974-ல் எல்லாம் முடிந்துவிட்டது என்றால் அண்ணா, அவர் அங்கே எதற்கு வந்தார்? 1981-ல் அவரே கிங் கிரிம்சனைத் திரும்பக் கூட்டி 'டிசிப்ளின்' போட்டாரே?

லவ்டேல்காரன்

தம்பி, பதில் இல்லை. 'டிசிப்ளின்' பற்றித் தெரிந்தேதான் பேசாமல் விட்டேன். எனக்கு அது வேறு குழு மாதிரியே கேட்கும். பெயர் ஒன்று, உயிர் வேறு. ஆனாலும் 'முடிந்துவிட்டது' என்ற சொல்லை எடுத்துவிடுகிறேன்.

தங்கச்சி, சாயந்தரம் 'தி டூரிஸ்ட்' பாட்டை முதலில் போட்டுக் கேட்டேன். நீங்கள் சொன்னதுதான் சரி, பாட்டு அந்தரத்தில் நிற்கிறது. அப்புறம் வரிசைப்படி கேட்டேன். கடைசியில் வரும் அந்தச் சின்ன மணியோசை வரை எழுந்திருக்கவில்லை. ஆனால் 'எலக்ஷனீரிங்' எங்கே இருந்தாலும் ஒன்றுதான். அதில் மாறமாட்டேன்.

குன்னூர் கொழுந்து

அதையும் விடமாட்டேன் அண்ணா. கணினிக் குரல் ஓய்ந்த கையோடு ஒரு மனிதக் கை கிட்டாரை ஓங்கி அடிக்கவேண்டும். அதற்காகத்தான் அது அங்கே இருக்கிறது.

கேத்தி லோடு வண்டி

நாளை இரவு லோடு இருக்கிறது. 'ரெட்' ஏற்றிக்கொண்டுவிட்டேன். குன்னூரில் ஆரம்பித்தால் 'ஸ்டார்லெஸ்' மெட்டு எந்த வளைவில் திரும்புகிறது என்று வந்து எழுதுகிறேன்.