தோட்டத்து மழைக் கணக்கும் என் பிஎச்டியும்

மலேசியா, பினாங்குல நிபோங் திபால் பக்கம் தோட்டத்துல பொறந்தவன், இப்ப யூனிவர்சிட்டில ஹைட்ரோலஜி, அதாவது மழை, ஆத்துத் தண்ணி பத்துன படிப்பு, சொல்லித் தர்றேன். வேலை என்னன்னு கேட்டா பதில் சொல்றதுதான் பெரும்பாடு. எங்க பெரியம்மா, "லோங்காங் (சாக்கடைக் கால்வாய்) வெட்டவாடா இத்தன வருசம் படிச்ச?"ன்னுட்டாங்க. பொய்யில்ல, எவ்ளோ மழைக்கு எவ்ளோ பெரிய லோங்காங்னு கணக்குப் போடுறதுதான் எங்க பொழப்புல பாதி.

நான் சொல்ல வந்தது வேற. பிஎச்டிக்குப் பழைய மழை டேட்டா வேணும்னு ஜேபிஎஸ்ல, அதாவது அரசாங்க வடிகால் நீர்ப்பாசன இலாகாவுல வாங்கினேன், லிஸ்ட்டத் தொறந்தா மழை அளக்குற ஸ்டேஷன் பேரெல்லாம் வரிசையா லாடாங், லாடாங்னு வருது, மலாய்ல தோட்டம்னு அர்த்தம். அளந்தது யாரு, நம்ம தோட்டத்து ஆபிஸ் ஆளுங்கதான். காலையில 8 மணிக்கு, மழைத்தண்ணி புடிக்கிற 8 இஞ்சு வாய் டப்பாவத் தூக்கி, அளவுக் கண்ணாடில ஊத்திப் பாத்து, ரெஜிஸ்டர்ல எழுதணும். ரப்பர் மரம் நனைஞ்சா பால் வெட்டு கிடையாது, அதனால மழைக் கணக்கு தோட்டத்துக்கே தேவை.

டேட்டா சரியான்னு பாக்க டபுள் மாஸ் கர்வ் போடுவோம். சுத்தி இருக்குற ஸ்டேஷன் சராசரியக் கூட்டிக்கிட்டே போய் ஒரு பக்கம், நம்ம ஸ்டேஷன் மொத்தத்த இன்னொரு பக்கம், நேர்கோடா வரணும். ஒரு தோட்டம் மட்டும் நடுவுல மடங்கிருச்சு, அப்புறம் வருசா வருசம் மழை கம்மியாவே காட்டுது. சூப்பர்வைசர் அந்த ஸ்டேஷன விட்டுருன்னாரு, எனக்கு மனசு வரல. அங்க வேல பாத்து ரிட்டயர் ஆன கிராணி (ஆபிஸ் கிளார்க்) ஐயா டவுன்லதான் இருக்காருன்னு தெரிஞ்சு போனேன். கிராஃப நீட்டுனா கண்ணாடிகூட மாட்டல. "அந்த வருசமா? புது மேனேஜர் காடி நிறுத்த இடம் வேணும்னு டப்பாவப் பின்னால மாத்தச் சொன்னாரு தம்பி, அங்க பெரிய ரம்புத்தான் மரம், வேணாம்னேன், கேக்கல"ன்னாரு. மரம் எவ்ளோ உசரமோ அதுல ரெண்டு மடங்காச்சும் தள்ளி வெக்கணும்னு எங்க புஸ்தகத்துல இருக்கு, அவரு புஸ்தகம் படிக்காமலே சொல்லிருக்காரு.

காரணம் தெரிஞ்சுட்டா திருத்திடலாம், பழைய சரிவுக்கும் புதுச் சரிவுக்கும் உள்ள விகிதத்தால பெருக்குனா போதும். பிஎச்டி வாய்மொழித் தேர்வு வைவாவுல, வெளியேருந்து வந்த எக்ஸாமினர் என் மாடலப் பத்திக் கேட்டதவிட ரம்புத்தான் மரத்தப் பத்திக் கேட்டதுதான் ஜாஸ்தி!

படிச்சவங்க கேட்டது: சார், எங்க பொண்ணு சிவில் படிக்குது, தண்ணி சைட் எடுக்கலாமா? வேல இருக்கா?

என் பதில்: தாராளமா எடுக்கட்டும்மா. செம்பனத் தோட்டத்த அழிச்சு தாமான் (வீடமைப்புப் பகுதி) கட்டுனா தண்ணி மண்ணுல எறங்காம சீக்கிரமா ஆத்துக்கு ஓடிரும், அதனால 2001லேருந்து ஜேபிஎஸ்ஸோட மஸ்மாங்குற மழைநீர் வடிகால் மேனுவல்படி டெவலப்பர் தண்ணியத் தேக்கி மெதுவா விடணும். அந்தக் கணக்குப் போட ஆளு வேணும். லெக்சரர் ஆகணும்னா பிஎச்டி முடியுற வரைக்கும் காசு இறுக்கம்தான், அத மறைக்கல. புள்ளியியல நல்லா படிக்கச் சொல்லுங்க, ஆத்துல எறங்கவும் கூச்சப்படக் கூடாது.

இன்னொருத்தர் எழுதுனது: அண்ணே, எங்க தோட்டம் போன வருசம் வித்தாச்சு, பழைய ஆபிஸ்ல பொட்டி பொட்டியா ரெஜிஸ்டர் கெடக்கு.

என் பதில்: ஐயோ, பழைய பேப்பர்காரன்ட்ட போட்டுறாதீங்க! மழை ரெஜிஸ்டர் இருந்தா பிஎம் பண்ணுங்க, சனிக்கிழம நானே காடி எடுத்துட்டு வர்றேன்.