அம்பாசிடர் ஓட்டிய அப்பாவிடம் ஐ20 நம் வண்டி என்று சொல்லலாமா?

அஸ்தம்பட்டிக்காரன்:
அப்பா முப்பது வருடம் சேலத்துக்கும் ஏற்காட்டுக்கும் அம்பாசிடர் டாக்சி ஓட்டியவர். இருபது கொண்டை ஊசி வளைவிலும் எங்கே எந்த கியர் என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வார். நான் செகண்ட் ஹேண்டில் ஒரு ஹூண்டாய் ஐ20 பார்த்து வைத்திருக்கிறேன். "கொரியாக்காரன் வண்டி எதுக்குடா? நம்ம நாட்டு வண்டியா பாரு" என்கிறார். அவர் பேச்சைத் தட்ட மனசில்லை. எதை வைத்து ஒரு காரை நம் நாட்டு வண்டி என்பது?

கொண்டலாம்பட்டி பட்டறை:
தம்பி, பானெட்டில் இருக்கும் சின்னத்தை விடுங்க, ஆர்சியில் சேஸ் நம்பரைப் பாருங்க. எம்ஏஎல் என்று தொடங்கினால் ஸ்ரீபெரும்புதூர் பக்கம் இருங்காட்டுக்கோட்டையில் செய்த ஹூண்டாய். கொரியாவிலேயே செய்த ஹூண்டாய் காருக்கு கேஎம்எச் என்று வரும். லேண்ட் ரோவரை 2008ல் டாடா வாங்கிவிட்டது, முதலாளி நம்மவர். ஆனால் இங்கிலாந்தில் செய்த வண்டிக்கு எஸ்ஏஎல் என்றுதான் அடித்திருக்கும்.

அப்பாவின் அம்பாசிடரையே எடுத்துக்கொள்ளுங்கள். அது இங்கிலாந்தின் மோரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் வடிவம். அப்புறம் வந்த 1800 பெட்ரோல் வண்டியில் ஜப்பானின் இசுசு எஞ்சின். கல்கத்தா பக்கம் உத்தர்பாராவில் 2014 வரை நம் ஆட்கள் செய்தார்கள், அப்பா மாதிரி ஆட்கள் ஓட்டினார்கள், என் மாதிரி ஆட்கள் பிரித்து மாட்டினோம். அப்படித்தான் அது நம் வண்டி ஆனது. 22 வருடமாகப் பட்டறை வைத்திருக்கிறேன், இருங்காட்டுக்கோட்டை வண்டிக்கும் அதே நியாயம்தான் என்பேன்.

ஓமலூரான்:
அண்ணா சொல்வதில் பாதியை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒரகடம் பக்கம் உதிரிபாகம் செய்யும் ஒரு வெளிநாட்டுக் கம்பெனியில் ஒன்பது வருடம் ஷிப்ட் பார்த்தேன். பெயர் வேண்டாம். ஆர்டர் நிறைய இருந்தபோதே எங்கள் லைனை மூடினார்கள். கடல் தாண்டி எவரோ எடுத்த முடிவு, எங்கள் மேனேஜருக்கே முந்தின நாள்தான் தெரியும். செய்கிற கை நம்முடையது, மூடுகிற கை நம்முடையது இல்லை. மாருதி 800 வந்த 1983ல் அது அரசாங்கத்தின் கம்பெனி. 2002ல் பாதிக்கு மேல் பங்கு ஜப்பானின் சுசுகி கைக்குப் போய்விட்டது. அப்பா கேட்பது அதைத்தான் என்று நினைக்கிறேன். அதற்காக ஐ20 வாங்க வேண்டாம் என்று சொல்லவில்லை.

அஸ்தம்பட்டிக்காரன்:
இரண்டு பேருக்கும் நன்றி. இரண்டையும் அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஓமலூர் அண்ணன் எழுதியதை மட்டும் திரும்பப் படிக்கச் சொன்னார். "அந்தப் பையனுக்கு இப்ப வேலை இருக்கா?" என்று கேட்டார்.

நேற்று பெயர் மாற்றத்துக்காகச் சேஸ் நம்பரைப் பென்சில் பிரிண்ட் எடுக்க வேண்டியிருந்தது. தாளை வைத்து அவரே தேய்த்தார். எம், ஏ, எல் ஒவ்வொன்றாக வெள்ளையாக எழும்பி வந்தது. கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு மறுபடி பார்த்தார். ஞாயிற்றுக்கிழமை அடிவாரத்திலிருந்து மேலே தானே ஓட்டுகிறேன் என்று சொல்லியிருக்கிறார்.