பூம்பாவைப் பதிகத்தைக் கேட்டு நின்ற அம்மா

மயிலாப்பூரிலிருந்து:
எங்கள் எதிர்வீட்டு அம்மாவுக்கு 76 வயது. கணவர் காலமாகி வெகுநாளாகிறது. ஒரே மகளும் சென்ற ஐப்பசியில் புற்றுநோயால் இறந்துவிட்டாள். கபாலீசுவரர் கோயில் பங்குனிப் பெருவிழாவின் எட்டாம் நாள் காலையில், சம்பந்தர் பதிகம் பாடிப் பூம்பாவையைச் சாம்பலிலிருந்து எழுப்பும் நிகழ்வு அன்றுதான் என்பதை எண்ணிப் பார்க்காமலே அவரை அழைத்துச் சென்றுவிட்டேன். பாம்பு தீண்டி மாண்ட மகள் பூம்பாவையின் சாம்பலைச் சிவநேசர் குடத்தில் காத்துவைத்த இடம் வந்தபோதுதான் எனக்கு உறைத்தது. வீட்டுக்குப் போய்விடலாமா அம்மா என்று கேட்டேன். அவர் என் கையை இறுகப் பற்றிக்கொண்டு நின்றார். ஐப்பசி ஓணம், கார்த்திகை விளக்கு, திருவாதிரை என்று ஒவ்வொரு விழாவாகச் சொல்லி, இதைக் காணாமலே போவாயோ என்று சம்பந்தர் கேட்பது நாம் அறிந்ததுதான். கார்த்திகை விளக்கைப் பாடும்போது அம்மா மெல்லச் சொன்னார்: "இந்தக் கார்த்திகைக்கென்று அகல் வாங்கி வைத்திருந்தாள்." ஐந்து மாதங்களில் அவராக மகளைப் பற்றிப் பேசியது அதுவே முதல் முறை. அன்று மாலை அந்த அகல்களை ஏற்றினார். நான் செய்தது சரிதானா என்பது இன்னும் விளங்கவில்லை.

காசிமேட்டிலிருந்து:
சரியில்லை என்றே சொல்வேன். சாம்பலிலிருந்து ஒரு மகள் எழுந்து வருவதை, எழாத மகளைப் பெற்றவர் ஏன் பார்க்க வேண்டும்? என் பெரியம்மா, கணவரை இழந்தவர், 2004 டிசம்பர் 26 அன்று மகனையும் அலைக்குக் கொடுத்தார். அவரைத் தேற்றியது கோயில் அல்ல. மகனோடு தொழிலுக்குப் போய்வந்த பையன் வாரந்தோறும் கொண்டுவந்த சங்கரா மீன். ஒருநாள் அவனுக்குச் சோறு போட்டுவிட்டு, "கடலுக்குப் போறப்ப என்கிட்ட சொல்லிட்டுப் போ" என்றார். மகனிடம் அன்றாடம் சொன்ன சொல் அது.

பெரம்பூரிலிருந்து:
காசிமேட்டு நண்பரோடு எனக்கு உடன்பாடில்லை; அம்மா பேசினாரே, அதுதான் பெரிது. என் அத்தையின் மகன் இறந்து, பதினாறாம் நாள் காரியத்துக்குப் பிறகு எங்கள் வீட்டில் ஒருவரும் அவன் பெயரை எடுக்காததால், அத்தை ரேஷன் அட்டையைக் காட்டி, "இதிலாவது அவன் பெயர் இருக்கட்டும்" என்றார். ஆகவே சொல்கிறேன்: படத்தை எடுத்து மறைக்காதீர்கள். வயதான காலத்தில் அழலாமா என்று அடக்காதீர்கள். இறந்தவருக்கு மாதந்தோறும் செய்யும் மாசியத்தன்றும், பிறந்த நாளன்றும், தீபாவளிக்கு முந்தைய நாளும் தவறாமல் போய் உட்காருங்கள். அவள் என்ன விரும்பிச் சாப்பிடுவாள் என்று நீங்களே பேச்சைத் தொடங்குங்கள். சாப்பாட்டையும் மாத்திரையையும் விட்டுவிடுகிறார்களா என்று கவனியுங்கள். தனியே இருக்கும் முதியோருக்கு 14567 என்ற உதவி எண் உண்டு. இனி எதற்கு இருக்க வேண்டும் என்று அவர் சொல்லத் தொடங்கினால், அதைப் புலம்பல் என்று விட்டுவிடாமல், 1986 முதல் சென்னையில் இயங்கிவரும் சிநேகா தற்கொலைத் தடுப்பு மையத்தை அன்றைக்கே அழையுங்கள்.