அதிபர் வேட்பாளர் தோற்றால் துணைக்கு நின்றவரும் காலியா?

பனிக்காடு:
மினசோட்டாவில் பதினோரு வருடமாகக் குப்பை கொட்டுகிறேன். எங்கள் கவர்னர் டிம் வால்ஸ் மூன்றாவது முறையும் நிற்கப்போவதாக 2025 செப்டம்பரில் அறிவித்தார். 2026 ஜனவரியில் விலகிக்கொண்டார். அரசு நலத்திட்டங்களில் நடந்த மோசடிதான் காரணம் என்று எல்லாரும் ஒரே வரியில் முடித்துவிட்டார்கள். எனக்கு அப்படிப் படவில்லை.

குழந்தைகளுக்குச் சாப்பாடு போடுவதாகக் கணக்குக் காட்டிச் சுருட்டியவர்கள் மீது மத்திய அரசு வழக்குப் போட்டது 2022 செப்டம்பரில். அடுத்த இரண்டாவது மாதமே தேர்தல் வந்தது, வால்ஸ் ஜெயித்தார். அன்றைக்கு அது உள்ளூர்ச் செய்தி. 2024 ஆகஸ்ட் 6-ம் தேதி கமலா ஹாரிஸ் அவரைத் துணை அதிபர் வேட்பாளராக அறிவித்த பிறகு, பள்ளிக்கூட வாத்தியாராக, ஃபுட்பால் கோச்சாக எங்களுக்குத் தெரிந்த மனிதர் நாடு முழுவதும் எதிர்க்கட்சிக்குப் பழகிய முகமாகிவிட்டார். அதற்குப் பிறகு இங்கே எது நடந்தாலும் டிவியில் அவர் படம்தான்.

என் கட்சி இதுதான்: துணை அதிபர் வேட்பாளர் என்பவர் மாப்பிள்ளைத் தோழன். கார் அவனுடையது இல்லை, ஓட்டுவதும் அவன் இல்லை. வண்டி பள்ளத்தில் இறங்கினால் சேறு மட்டும் அவன் வேட்டியிலும் தெறிக்கும்.

கணக்குப்பிள்ளை:
உவமை நன்றாக இருக்கிறது, வரலாறு ஒத்துவரவில்லை பாஸ். 1920-ல் ஜேம்ஸ் காக்ஸுக்குத் துணையாக நின்று செமத்தியாக அடிவாங்கியவர் பெயர் ஃபிராங்க்ளின் ரூஸ்வெல்ட். எதிரணி ஹார்டிங்குக்கு 60 சதவீத ஓட்டு. அடுத்த வருடமே போலியோ வேறு. அந்த மனிதர்தான் 1928-ல் நியூயார்க் கவர்னராகி, 1932-ல் தொடங்கி நான்கு அதிபர் தேர்தல்களை வரிசையாக ஜெயித்தார். காக்ஸ் யார் என்று இன்று யாரையாவது கேட்டுப்பாருங்கள்.

1948-ல் டூயியோடு தோற்ற ஏர்ல் வாரன் இன்னும் அழகான கதை. ஜெயித்திருந்தால் துணை அதிபர் என்ற முறையில் செனட்டுக்குத் தலைமை தாங்கி, சுத்தியல் தட்டிக்கொண்டு நான்கு வருடம் உட்கார்ந்திருப்பார். தோற்றதால் கலிஃபோர்னியா கவர்னராகவே தொடர்ந்தார், 1953-ல் உச்ச நீதிமன்றத் தலைமை நீதிபதியானார். கறுப்பினப் பிள்ளைகளைத் தனிப் பள்ளியில் ஒதுக்குவது செல்லாது என்ற 1954 தீர்ப்பு அவர் எழுதியது. அந்தத் தோல்வி அமெரிக்காவுக்கே நல்லது செய்தது என்பேன்.

வால்ஸ் விஷயத்திலும் பாதியைத்தான் சொல்கிறீர்கள். 2025-ல் வீட்டுவசதி, ஆட்டிசம் திட்டங்களிலும் மோசடி வெளியே வந்ததே? அதற்கும் கமலாவின் பிரசாரத்துக்கும் என்ன சம்பந்தம்?

பனிக்காடு:
ரூஸ்வெல்ட்டை எடுத்துவிட்டு இன்னொரு பெயர் சொல்லுங்கள், ஒப்புக்கொள்கிறேன். துணை வேட்பாளராகத் தோற்று, பின்னால் அதிபர் தேர்தலில் நின்று ஜெயித்தவர் அமெரிக்க வரலாற்றிலேயே அவர் ஒருவர்தான். பாப் டோல் 1976-ல் ஃபோர்டோடு தோற்றார். இருபது வருடம் கழித்து அதிபர் வேட்பாளரானார், கிளின்டனிடம் தோற்றார். மாண்டேல் 1980-ல் கார்ட்டரோடு கவிழ்ந்தார். 1984-ல் தானே நின்று ஐம்பது மாநிலங்களில் ஒன்றை மட்டும் பிடித்தார், அதுவும் சொந்த மினசோட்டா. அவரோடு நின்ற ஜெரால்டின் ஃபெராரோ, பெரிய கட்சி நிறுத்திய முதல் பெண். 1992, 1998 என்று இரண்டு முறை செனட்டுக்கு முயன்று, இரண்டு முறையும் உட்கட்சித் தேர்தலைத் தாண்டவில்லை.

கணக்குப்பிள்ளை:
இருபது வருடம் கழித்துக் கட்சியே கூப்பிட்டு அதிபர் வேட்பாளராக நிறுத்தினால் அதற்குப் பெயர் காலியா? நடுவில் டோல் செனட்டில் கட்சித் தலைவர். உங்கள் ஊர்ப் பக்கம் அதை வளர்ச்சி என்று சொல்ல மாட்டார்களா?

நெல்லை அண்ணாச்சி:
இரண்டு பேரும் அஸ்திவாரத்தை விட்டுவிட்டு மாடிக்குச் சண்டை போடுகிறீர்கள். ஊரில் சொந்த நாற்காலி மிச்சம் இருக்கிறதா இல்லையா, அதைப் பாருங்கள் முதலில்.

டெக்ஸாஸில் 1959-ல் ஒரு சட்டத்திருத்தம் கொண்டுவந்தார்கள். லிண்டன் ஜான்சன் ஒரே நாளில் செனட்டுக்கும் நிற்கலாம், அதிபர் அல்லது துணை அதிபர் பதவிக்கும் நிற்கலாம். அவருக்காகவே தைத்த சட்டை. 1960-ல் இரண்டிலும் ஜெயித்தார். அதே சட்டையை 1988-ல் டுகாகிஸுக்குத் துணையாக நின்ற டெக்ஸாஸ் செனட்டர் லாயிட் பென்ட்சன் போட்டுக்கொண்டார். அந்த ஒரு நாளைக் கொஞ்சம் நிதானமாகப் பாருங்கள். டெக்ஸாஸ்காரன் ஒரே சாவடிக்குள் போகிறான், ஒரே வாக்குச்சீட்டு. அதிபர் பதவிக்கு சுமார் 56 சதவீதம் பேர் புஷ்ஷுக்குப் போட்டார்கள், அதாவது டுகாகிஸ்-பென்ட்சன் ஜோடியை நிராகரித்தார்கள். செனட் வரிக்கு வந்ததும் அதே பென்ட்சனுக்கு சுமார் 59 சதவீதம். 'நீ நல்லவன்தான்பா, கூட வந்தவனைத்தான் பிடிக்கவில்லை' என்று இதைவிடத் தெளிவாக ஒரு மாநிலம் சொல்ல முடியுமா? அவர் செனட்டிலேயே இருந்தார், 1993-ல் கிளின்டனின் நிதியமைச்சரானார்.

லீபர்மன் 2000-லும் பால் ரயன் 2012-லும் இதே மாதிரி இரண்டு இடத்தில் நின்றார்கள். மேலே தோற்றார்கள், கீழே ஜெயித்தார்கள். ரயன் 2015-ல் பிரதிநிதிகள் சபை சபாநாயகர். 2016-ல் ஹிலாரியோடு தோற்ற டிம் கெய்ன் மறுநாளே பழைய செனட் அறைக்குத் திரும்பினார்; 2018, 2024 இரண்டிலும் வர்ஜீனியா அவரைத் திரும்ப அனுப்பியது. ஆற்றில் ஒரு கால், சேற்றில் ஒரு கால் என்று நாம் திட்டுவோம். இங்கே அதுதான் பிழைக்கும் வழி.

எதிர்க்கதை ஜான் எட்வர்ட்ஸ். அதிபர் கனவில் செனட் இடத்துக்கு மறுபடி நிற்கவில்லை, 2004-ல் கெர்ரியோடு துணைக்குத்தான் நிற்க முடிந்தது, அதிலும் தோல்வி. அரசனை நம்பிப் புருஷனைக் கைவிட்ட கதை. (அப்புறம் அவர் வீட்டில் நடந்தது நிஜமாகவே அந்தப் பழமொழிதான், அதை விடுங்கள்.)

தேன்மொழி:
அண்ணாச்சி, நாற்காலி இருந்தும் போனவர் சாரா பேலின். 2008-ல் மெக்கெய்ன் கூப்பிடும்போது அலாஸ்கா கவர்னராகி இரண்டு வருடம்கூட ஆகவில்லை. தோற்றுத் திரும்பியபோது நாற்காலி அங்கேயேதான் இருந்தது. ஆனால் முறைகேட்டுப் புகார்கள் வரிசையாக வந்தன, வக்கீல் செலவு ஏறுகிறது என்று அவரே சொன்னார். 2009 ஜூலையில் ராஜினாமா. 2022-ல் நாடாளுமன்ற இடைத்தேர்தலில் நின்றும் அதே அலாஸ்கா எடுக்கவில்லை.

பனிக்காடு:
இதைத்தான் வால்ஸ் விஷயத்தில் சொன்னேன். ஊருக்குத் திரும்பும்போது ஆள் பழைய ஆளாக இல்லை.

கணக்குப்பிள்ளை:
பேலினை யாரும் நாற்காலியிலிருந்து தள்ளவில்லை. அவரே எழுந்து போனார்.

தேன்மொழி:
சரி, எல்லாரும் தோல்வியையே பேசுகிறீர்கள். ஜெயித்தவர்களைப் பார்த்தீர்களா? எனக்கு அதுதான் பெரிய பரிதாபம்.

மைக் பென்ஸ் 2016-ல் இண்டியானா கவர்னர். மறுபடி ஜெயிப்பதே இழுபறி. அண்ணாச்சி சொன்ன இரட்டைக் கால் வசதியை இண்டியானா சட்டம் தரவில்லை. கவர்னர் தேர்தலிலிருந்து விலகக் கடைசி நேரம் ஜூலை 15 மதியம் 12 மணி. அன்று காலைதான் டிரம்ப் ட்விட்டரில் பெயரைச் சொன்னார். மனிதர் கெடுவுக்குள் விலகிவிட்டு ஏறினார். நான்கரை வருடம் கழித்து, 2021 ஜனவரி 6-ம் தேதி, டிரம்ப் தோற்ற தேர்தல் முடிவை மாற்ற மறுத்தார் என்று நாடாளுமன்றக் கட்டடத்தில் அவரைத் தூக்கில் போடச் சொல்லிக் கோஷம். போட்டவர்கள் அவரை ஜெயிக்கவைத்த அதே ஆட்கள். 2023-ல் அதிபர் வேட்பாளராக முயன்றார், அக்டோபருக்குள் கடையைக் கட்டினார். டிரம்ப் ஆட்களுக்குத் துரோகி, மற்றவர்களுக்கு டிரம்ப்பின் ஆள். உரலுக்கு ஒரு பக்கம் இடி என்றால் இவருக்கு இரண்டு பக்கமும்.

கமலா கதையும் அதேதான். என் மாமியார் ஊர் மன்னார்குடி. பக்கத்தில் துளசேந்திரபுரம், கமலாவின் தாத்தா பிறந்த ஊர். 2020-ல் பட்டாசு, கோலம், இனிப்பு. 2024-ல் தர்மசாஸ்தா கோயிலில் அபிஷேகம் செய்துவிட்டுக் காத்திருந்தார்கள். அந்த அக்டோபரில் ஒரு டிவி நிகழ்ச்சியில் அவரிடம் கேட்டார்கள்: 'இந்த நான்கு வருடத்தில் பைடன் செய்ததை நீங்கள் வேறு மாதிரி செய்திருப்பீர்களா?' ஒன்றும் தோன்றவில்லை என்றார். அந்த நொடியே டிவியை அணைத்துவிட்டேன். பைடனை விட்டுக்கொடுத்தால் நன்றிகெட்டவர், விட்டுக்கொடுக்காவிட்டால் பைடனின் நிழல். என்னதான் பதில் சொல்வது?

நெல்லை அண்ணாச்சி:
1968-ல் ஜான்சனின் துணை அதிபராக இருந்துகொண்டே அதிபர் பதவிக்கு நின்ற ஹம்ஃப்ரிக்கும் இதே கண்டம். ஜான்சனின் வியட்நாம் போர் இவர் தலையில். செப்டம்பர் 30-ம் தேதி சால்ட் லேக் சிட்டியிலிருந்து டிவியில் பேசியபோது, மேடைப் பலகையில் துணை அதிபர் முத்திரை இல்லாமல் பேசினார். குண்டுவீச்சை நிறுத்துவேன் என்றார். அதற்குப் பிறகுதான் ஓட்டு ஏறியது. ஒரு சதவீதத்துக்கும் குறைவான வித்தியாசத்தில் தோல்வி. ஒரு மாதம் முன்னாலேயே அந்த முத்திரையைக் கழற்றியிருக்கலாம்.

கணக்குப்பிள்ளை:
அண்ணாச்சி எனக்கே பாயின்ட் எடுத்துக் கொடுக்கிறார். கழற்றியதும் ஏறியது என்றால், கழற்றுவது அவர் கையில்தானே இருந்தது?

இதற்கு என் ஆள் நிக்ஸன். பிடிக்கிறதோ இல்லையோ, 1952 செப்டம்பர் கதையைப் பாருங்கள். ஐசன்ஹோவருக்குத் துணை வேட்பாளர், வயது 39. ஆதரவாளர்கள் சேர்த்துவைத்த சுமார் 18,000 டாலர் நிதி பற்றிச் செய்தி வெடிக்கிறது. ஐசன்ஹோவர் வாயைத் திறக்கவில்லை. கழற்றிவிடலாமா என்று சுற்றியிருப்பவர்கள் யோசிக்கிறார்கள். பனிக்காடு சொல்கிற மாதிரி எல்லாம் பெரியவர் கையில்தான் இருந்தது, 23-ம் தேதி இரவு வரை. அன்று நிக்ஸன் டிவியில் அரை மணி நேரம் வீட்டுக் கணக்கைப் பிரித்து வைத்தார். காரின் மாடல், அடமானக் கடன், மனைவி போடுகிற சாதாரணத் துணிக் கோட்டு. டெக்ஸாஸிலிருந்து ஒருவர் அனுப்பிய நாய்க்குட்டி, ஆறு வயது மகள் அதற்கு வைத்த பெயர் செக்கர்ஸ், என்ன ஆனாலும் அதைத் திருப்பிக் கொடுக்க மாட்டோம் என்றார். எல்லாருக்கும் நாய்தான் ஞாபகம் இருக்கிறது. நிஜ வேலை கடைசியில்: நான் இருக்கவா போகவா என்று தந்தி அடியுங்கள் என்றார். எங்கே? கட்சியின் தேசியக் கமிட்டிக்கு, ஐசன்ஹோவருக்கு இல்லை. தீர்ப்பு சொல்லும் நாற்காலியையே இடம் மாற்றிவிட்டார். தந்திகள் குவிந்தன. மறுநாள் வீலிங் நகர விமானநிலையத்தில் ஐசன்ஹோவரே வந்து 'நீ என் பையன்' என்றார்.

மாப்பிள்ளைத் தோழன் ஸ்டியரிங்கைப் பிடித்த கதை இது.

பனிக்காடு:
மிச்சக் கதையையும் நானே சொல்கிறேன். எட்டு வருடம் துணை அதிபராக இருந்துவிட்டு 1960-ல் அதிபர் பதவிக்கு நிற்கிறார். ஆகஸ்டில் நிருபர்கள் ஐசன்ஹோவரைக் கேட்கிறார்கள்: நிக்ஸன் சொல்லி நீங்கள் எடுத்த பெரிய முடிவு ஒன்றைச் சொல்லுங்கள். பதில்: 'ஒரு வாரம் கொடுத்தால் யோசித்துச் சொல்கிறேன்.' கென்னடி தரப்பு அதையே விளம்பரமாகப் போட்டது. எட்டு வருட உழைப்பு ஒரு வாக்கியத்தில் போயிற்று. ஸ்டியரிங் யார் கையில் என்று இப்போது சொல்லுங்கள்.

கணக்குப்பிள்ளை:
1968-ல் ஜெயித்தாரே.

பனிக்காடு:
ஜெயித்தார். எட்டு வருடம் பதவியில் இல்லாமல் கிடந்து, சொந்தப் பெயரில் நின்றபோது. பைடனும் அப்படித்தான், 2016-ல் நிற்கவில்லை, 2020-ல் நின்றார். பதவியில் இருக்கும்போதே துணை அதிபர் நேராக அதிபர் தேர்தலை ஜெயித்தது 1836-ல் வான் பியூரனுக்குப் பிறகு 1988-ல் மூத்த புஷ் மட்டும். நடுவில் 152 வருடம்.

தேன்மொழி:
அப்படியென்றால் ஜே.டி. வான்ஸ்? 2022-ல் ஒஹாயோ செனட்டுக்கு ஜெயித்து, 39 வயதில் டிரம்ப் கூப்பிட்டு, 40-ல் துணை அதிபர். அண்ணாச்சி கணக்குப்படி நாற்காலி போயிற்று, அதில் இப்போது ஜான் ஹஸ்டட்.

நெல்லை அண்ணாச்சி:
வேறு நாற்காலி பிடித்திருக்கிறார் அம்மா. 2025 மார்ச்சில் கட்சித் தேசியக் கமிட்டியின் நிதித் தலைவர் பொறுப்பு. பதவியில் இருக்கும் துணை அதிபர் அதில் உட்காருவது இதுவே முதல் தடவை. பணம் கொடுக்கிறவன் வீட்டு வாசல் எல்லாம் இவருக்குப் பழகிவிடும். நிக்ஸன் தந்தியைக் கட்சிக்குத் திருப்பினாரே, அதே புத்தி.

கணக்குப்பிள்ளை:
பனிக்காடு, பதில் சொல்லுங்கள்.

பனிக்காடு:
டிரம்ப் 'ஒரு வாரம் கொடுங்கள்' என்று சொல்லாதவரை அந்தப் பழக்கம் உதவும். இப்போது போய்ப் பனி அள்ள வேண்டும். பக்கத்து வீட்டுக்காரர் 2024 தேர்தல் அட்டையை இன்னும் புல்வெளியிலிருந்து பிடுங்கவில்லை. நேற்றுப் பெய்த பனியில் பாதி புதைந்துவிட்டது. மேல் வரியில் ஹாரிஸ் தெரிகிறது, கீழே வால்ஸ் பெயர் உள்ளே போய்விட்டது.

கணக்குப்பிள்ளை:
பனி உருகட்டும், பார்ப்போம்.

தேன்மொழி:
ஏப்ரல் வரை உருகாது என்று போன வருடம் புலம்பியது இவர்தானே?